சாமியும் சாவியும்

திருச்சிக்குத் தெற்கே, விராலிமலைப் பக்கம் இருக்கும் ஆவூரை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் மட்டும் வழி கேட்கத் தேவையில்லை, போகிற கூட்டத்தோடு போனால் போதும். பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளை வேடம் கட்டி நடிப்பார்கள். அதைத் தொடர்ந்து பெரியநாயகி மாதா கோயில் தேர். கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் அந்தத் தேரில் கலந்துகொள்வதை மாநிலச் சுற்றுலாத் துறையே ஊரின் சிறப்பாக எழுதிவைத்திருக்கிறது. மதத்தால் சமூகத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று ஒரு பட்டிமன்றம் நடந்தால், நன்மை அணி முதலில் அழைக்க வேண்டிய சாட்சி ஆவூர்.

தீமை அணியும் இதே ஊரைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைக்கலாம். அதற்கு முந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஆவூரின் பழைய கோயிலை வெனான்சியஸ் புஷே என்ற பிரெஞ்சு சேசு சபைத் துறவி 1547-இல் கட்டினார் என்று சில சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. புஷே பிறந்ததே 1655-இல். மதுரை மிஷனுக்கு அடித்தளம் போட்ட ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். புஷே ஆவூரில் நிலைகொண்டது 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். இன்று நிற்கும் கோயில் 1747-ஐச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியிருக்கிறார். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், தமிழ் எழுத்தில் எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று தமிழுலகம் கொண்டாடும் அதே மனிதர். இத்தாலியில் பிறந்த ஒருவரை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து, தமிழில் காப்பியம் பாடவைத்தது மதம்தான். இந்த நன்மையை எந்தக் கணக்கிலிருந்தும் கழிக்க முடியாது.

கணக்கின் அடுத்த பக்கம் வேறு மாதிரி. நொபிலி காவி கட்டி, பூணூல் அணிந்து, பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். உயர்சாதியினரை அணுக அதுவே வழி என்று நம்பினார். அப்படி வாழ்ந்தவர் சேரிக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அதனால் 1640-கள் முதல் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைத் துறவிகளை மிஷன் ஏற்படுத்தியது. அவர்கள் பிராமணரல்லாத சாதிகளிடையே போய்வரலாம். புஷே இந்தப் பண்டாரசாமிகளில் ஒருவர். ஒரே கடவுள், ஒரே வேதம், ஆனால் குருமார் இரண்டு வகை. இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதையைப் பிரசங்கித்தவர்கள், தாங்கள் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்தார்கள்.

இது ரோம் வரை போனது. போப்பின் தூதராக வந்த துர்னோன் 1703-இல் புதுச்சேரியில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பதினாறு விதிகள் கொண்ட ஓர் ஆணை பிறப்பித்தார். தாலி, திருநீறு, பூப்புச் சடங்கு என்று உள்ளூர் வழக்கங்கள் பலவற்றை அது தடை செய்தது. அந்தப் பட்டியலில் பாதி, ஐரோப்பியர் ஒருவர் தமிழ் வாழ்க்கையைப் புரியாமல் போட்ட உத்தரவு என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு விதிகளை ஒதுக்க முடியாது. மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் திருச்சடங்குகளிலிருந்து விலக்கக் கூடாது என்றது ஒன்று. நோயுற்ற பறையர்களைக் குருமார் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும், சாகக் கிடப்பவரைத் தூக்கி வரச்சொல்லி வெளியே வைத்துச் சடங்கு செய்யக் கூடாது என்றது இன்னொன்று.

இந்த ஆணையைத் தளர்த்தக் கேட்டு ரோமுக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் லைனஸ் என்ற சேசு சபைத் துறவி. மற்றவர், ஆவூரில் கோயில் எழுப்பிய புஷே.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சேரிக் குடிசைக்குள் நுழைந்த குருவை மற்றச் சாதியார் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், மிஷனே கலைந்துபோகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அது வெறும் கற்பனை அச்சமில்லை. ஆனாலும் அந்த வாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வாதாடியவர்கள் அல்லர், குடிசையில் கிடந்தவர்கள். வழக்கு நாற்பது வருடம் இழுத்தது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஒரு முடிவு சொன்னார்: பறையர்களுக்கென்றே தனிக் குருமாரை அமர்த்திக்கொள்ளுங்கள். குடிசைக்குக் குரு வந்தார், சரி. பிரிவினையும் சட்டமாகிவிட்டது.

அந்தப் பிரிவினை செத்துப்போகவில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், 2008 மார்ச் 9 அன்று, வன்னியக் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். தலித்துகள் கேட்டது பெரிய சொத்து ஒன்றுமில்லை: ஆலயத்தில் சம இடம், அது முடியாவிட்டால் தனிப் பங்கு. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளை மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரித்து ஒரு சுவர் நின்றது. உயிர்த்தெழும் நாளில் எல்லோரும் ஒன்றாக எழுவார்கள் என்று நம்பும் மதத்தின் கல்லறையில் சுவர். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு இந்து வாசகர் யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. ஆவூர் இருக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது.

2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயல் தலித் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கிடந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்றதற்குக் காரணம் தேடியபோதுதான் அது வெளிப்பட்டது. மறுநாள் ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் ஊருக்கு வந்தார்கள். தொட்டியைப் பற்றி விசாரிக்க வந்த இடத்தில் மேலும் இரண்டு சேதி காதில் விழுந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை. பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. ஆட்சியர் அந்த மக்களைக் கூட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் போனார். அப்போது ஒரு பெண் அருள் வந்தவராக ஆடி, அவர்களை உள்ளே விடக் கூடாது என்று கத்தினார். சாமியின் குரலில் சாதி பேசியது. அவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. டீக்கடைக்காரர்மீதும் பாய்ந்தது.

தொட்டி வழக்கு வேறு பாதையில் போனது. சிபிசிஐடி விசாரித்து, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. தொட்டியில் கலந்தது யார் என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அய்யனார் கோயில் கதவு அதுவரை யாருக்காக மூடியிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் இன்னொரு தேர். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேருக்கு நான்கு வடம். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டாரும் ஆளுக்கொரு வடம் பிடிப்பது வழக்கம். தலித்துகளும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, தகராறு நீண்டு, தேர் நிலையிலேயே நின்றுவிட்டது. நீதிமன்றம் தலையிட்டு, ஆயிரக்கணக்கில் போலீஸ் குவிந்து, 2024 ஜூன் 21 அன்றுதான் மீண்டும் ஓடியது. நடுவில் போனது பதினெட்டு ஆண்டு. சிலரோடு சேர்ந்து வடம் பிடிப்பதைவிட, தேர் வெயிலிலும் மழையிலும் நிற்பதே மேல் என்று ஓர் ஊர் பதினெட்டு வருடம் இருந்திருக்கிறது.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு, மதம் என்றாலே தீமை என்று முடிச்சுப் போட்டுவிடலாம். அன்னவாசல் பக்கத்தில் இருக்கும் மெய்வழிச்சாலை என்ற சமயக் குடியிருப்பு அப்படி முடிச்சுப் போட விடாது.

அதை நிறுவியவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரை நம்பி வந்தவர்கள் பல சாதிக்காரர்கள், பல மதத்துக்காரர்கள். சாலைக்குள் யாருக்கும் சாதிப் பெயர் கிடையாது. ஆண்கள் வெள்ளைத் தலைப்பாகை கட்டுகிறார்கள், அவர்கள் பெயருக்குப் பின்னால் அனந்தர் என்று வருகிறது. பணக்காரரும் ஏழையும் கூரை வீட்டில்தான் இருக்க வேண்டும். மாடி வீட்டை வைத்து ஒருவரை எடைபோட அங்கே வழியில்லை. அரசு எத்தனை சமத்துவபுரம் கட்டியும் சாதிக்கத் திணறுவதை, ஒரு குருவின் சொல் ஒரு தலைமுறைக்குள் சாதித்துக் காட்டியது. எந்தச் சட்டமும் எந்தப் பகுத்தறிவுக் கூட்டமும் அதைச் செய்யவில்லை. நம்பிக்கை செய்தது.

வேங்கைவயல் அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கிறது. மெய்வழிச்சாலையும் அதே அன்னவாசல் பக்கம். மண் ஒன்று, மழை ஒன்று, மக்களின் வறுமையும் ஏறக்குறைய ஒன்று. ஓரிடத்தில் நம்பிக்கை சாதியைக் கரைத்தது. இன்னோரிடத்தில் அதே நம்பிக்கை சாதிக்குக் காவல் நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மதம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிடக் கூர்மையான ஒரு கேள்வி கிடைக்கிறது. கோயில் சாவி யார் கையில் இருக்கிறது, அந்தக் கையைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

புதுக்கோட்டை சமஸ்தானமே இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல வழக்கைக் கொடுத்திருக்கிறது. தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டவர்கள். நாடே திருக்கோகர்ணத்து அம்மனுடையது, தாங்கள் அவள் ஊழியர்கள் என்பது மரபு. நவராத்திரியில் அம்மன் காசு வழங்கினார்கள். அந்தச் சமஸ்தானத்தில் 1886-இல் ஒரு பெண் பிறந்தார், அடுத்த ஆண்டு திருமயத்தில் ஓர் ஆண் பிறந்தார். பெண் முத்துலட்சுமி ரெட்டி. ஆண் தீரர் சத்தியமூர்த்தி.

முத்துலட்சுமியின் தாயார் தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் படிக்காத மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க ஊரில் எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் மருத்துவரானார், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1927-இல், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி எதிர்த்தார். விடுதலைப் போரில் சிறை போன மனிதர், பேச்சில் நிகரற்றவர், இசைக்கும் நாடகத்துக்கும் உயிரைக் கொடுத்தவர். அவருடைய வாதம் சமயமும் மரபும் கலையும் சார்ந்தது. அந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. தேவதாசிகள் கலையைக் காத்தவர்கள்தான். அந்தப் பாதி உண்மையின் நிழலில், பருவம் அடையாத சிறுமிகளின் வாழ்க்கையை அவர்களைக் கேட்காமலே முடிவுசெய்துவிடும் ஏற்பாடும் பத்திரமாக இருந்தது.

முதலில் 1929-இல் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே கொடுக்கும் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வர 1947 ஆனது. மூவலூர் ராமாமிர்தம் போன்று அந்த மரபிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள் உள்ளேயிருந்து போராடியதால்தான் அது சாத்தியமாயிற்று. சீர்திருத்தத்துக்கும் ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேவதாசிகள் ஆடிய சதிர் பரதநாட்டியம் ஆனபோது மேடை வேறு சாதிப் பெண்களின் கைக்குப் போனது. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி போன்ற சிலர் மட்டும் தனித்து நின்றார்கள். ஆனாலும் ஒரு சிறுமியின் உடலுக்குக் கோயில் உரிமை கொண்டாடுவது முடிவுக்கு வந்தது. அதை எந்தக் கோயிலும் தானாக முன்வந்து முடித்துவைக்கவில்லை.

சத்தியமூர்த்தி பிறந்த திருமயத்திலேயே இன்னும் பழைய ஒரு சாட்சியம் கல்லில் இருக்கிறது. ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கொரு கோயில், பெருமாளுக்கொரு கோயில். இரண்டு தரப்புக்கும் வருமானத்தில் நீண்ட நாள் தகராறு. 1245-இல் போசளத் தளபதி அப்பண்ணர் நடுவராக இருந்து பங்கு பிரித்துத் தீர்த்து வைத்தார். சைவரும் வைணவரும் தத்துவம் பேசி ஒரு முடிவுக்கு வரவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு படைத்தலைவர் உட்காரவைத்துப் பேசினார். எல்லாம் ஒன்றே என்று பாடும் ஞானம் நம் மரபில் ஏராளம். நெல் அளக்கும் நேரத்தில் அந்த ஞானம் எப்போதும் கூடவே வருவதில்லை.

நன்மைப் பக்கத்தையும் முழுதாக எழுத வேண்டும். சேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த புனித வளனார் கல்லூரியில் படித்தவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். 1951-இல் அதே திருச்சியில் முஸ்லிம் பெருமக்கள் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சாதி கேட்காமல், பசி ஒன்றையே தகுதியாக வைத்துச் சோறு போடுகிறது. திருமயம் பக்கம் காட்டுபாவா பள்ளிவாசலில் முஸ்லிம்களோடு இந்துக்களும் வேண்டிக்கொள்கிறார்கள். நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்.

1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வெட்டிக்கொண்டபோது அங்கே சமாதானம் பேசப் போனவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடாதிபதி. பெரியாரோடு மேடை ஏறியவர். தம் ஊருக்குக் கிராமத் திட்டம் போட்டுத் தொழில் கொண்டுவந்தவர். இன்றைக்கும் குன்றக்குடியைப் பற்றிப் பேசினால் மடத்தைவிட முதலில் அந்தத் திட்டத்தைச் சொல்கிறவர்கள் உண்டு.

உலகமெங்கும் இதே இரட்டைக் கணக்குதான். அடிமை வணிகத்தை ஒழிக்க முதலில் திரண்டவர்கள் இங்கிலாந்தின் குவேக்கர்கள், பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு. அமெரிக்காவின் தென் மாநில பாப்டிஸ்டுகள் 1845-இல் தனிச் சபையாகப் பிரிந்தது அடிமை முறையை விட மாட்டோம் என்பதற்காக. அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தச் சபை மன்னிப்புக் கேட்க 1995 ஆனது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு வேதவாக்கியம் காட்டியது ஒரு திருச்சபை, அதை எதிர்த்துத் தெருவில் நின்றவர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. இலங்கையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கத்தோலிக்கர் மட்டுமா போகிறார்கள்? இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவத்தி ஏற்றும் இடம் அது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று, தற்கொலைக் குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று. அன்று நாடு முழுவதும் 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மதங்களைக் கலக்கவிட்ட வாசலையே இன்னொரு மதவெறி தேடி வந்து தகர்த்தது.

இந்த இடத்தில் பக்தர் ஒருவர் எழுந்து ஆட்சேபிக்கலாம்: நீங்கள் சொன்ன தீமையெல்லாம் சாதியின் வேலை, அரசியலின் வேலை, மதத்தின் வேலை இல்லை. பாதிக்கு ஏற்கலாம். வேங்கைவயலில் இரட்டைக் குவளைக்கு அய்யனார் பொறுப்பில்லை. ஆனால் சாதிக்குப் புனிதம் என்ற கவசத்தைக் கொடுத்தது மதம். டீக்கடையில் பாகுபாடு காட்டுகிறவர் கூச்சத்தோடு மறைப்பார். அதையே கோயிலில் காட்டும்போது அது ஐதீகம், அது வழக்கம், அது சாமி குத்தம் என்று நிமிர்ந்து சொல்வார். அந்த நிமிர்வுக்கு மதம் பதில் சொல்லியாக வேண்டும். நன்மைக்கெல்லாம் மதம் காரணம், தீமைக்கெல்லாம் மனிதர் காரணம் என்ற கணக்கு எந்தக் கடையிலும் செல்லாது.

வழக்கத்தை மாற்றக் கூடாது என்பவர்கள் ஒருமுறை விராலிமலை ஏறிப் பார்க்கலாம். அங்கே முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தருக்கு வழியில் வெள்ளம் மறித்த இரவில், சுருட்டுப் பிடித்தபடி வந்து துணை நின்றவர் முருகனே என்பது கதை. எந்தச் சாத்திரத்தைப் புரட்டி அந்த வழக்கம் வந்தது? ஒருவரின் அன்பிலிருந்து வந்தது, ஊர் ஏற்றுக்கொண்டது, பூசையில் சேர்ந்துவிட்டது. ஒரு சுருட்டுக்கு இடம் கொடுக்கும் அளவு நெகிழ்ந்த சாமிக்கு, ஒரு மனிதர் உள்ளே வந்தால் தீட்டாகிவிடும் என்பதை யார் நம்புவது?

பகுத்தறிவாளர் ஒருவரும் எழுந்திருப்பார்: இவ்வளவு சிரமப்பட்டுத் திருத்துவதற்குப் பதில் மதத்தையே விட்டுவிடலாமே? விட்டவர்கள் உண்டு. அவர்களிடமிருந்துதான் தமிழ்நாடு கேள்வி கேட்கவே கற்றது. வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் சிறை போன பெரியார் அந்தக் கோயில் சாமியை நம்பியவர் இல்லை. ஆனால் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித் தோழர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துப்போன வைத்தியநாத ஐயர் ஆழ்ந்த பக்தர். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வாசலில் நின்று வரவேற்றார். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு சட்டம் போட்டு, நுழைந்தவர்களையும் நுழையவிட்டவர்களையும் காப்பாற்றியது. நம்பாதவர் கேள்வியை எழுப்பினார், நம்புகிறவர் அதைத் தோளில் சுமந்தார், சட்டம் பின்னால் வந்து நின்றது. மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்தே நின்றிருக்காது.

துர்னோனின் ஆணை, அப்பண்ணரின் பஞ்சாயத்து, 1939-இன் சட்டம், 1947-இன் சட்டம், கண்டதேவியில் நீதிமன்றம், இறையூரில் ஆட்சியர். ஒவ்வொரு முறையும் கோயிலுக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்திருக்கிறது. மதம் தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொண்ட இடங்களில் தீமை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. வெளியார் கேள்வி கேட்க முடிந்த இடங்களிலும், உள்ளே இருப்பவர் எதிர்த்துப் பேச முடிந்த இடங்களிலும் நன்மை மேலோங்கியது. தமிழ்நாட்டு அனுபவத்திலிருந்து இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் நேர்மையான தீர்ப்பு இதுதான்.

இந்தியச் சட்டத்தில் இந்தக் கேள்வி உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு பொதுவானது. ஆனால் பொது வழிபாட்டிடங்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தரும் 25ஆம் பிரிவின் உட்பிரிவு இந்து நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, பின்னால் வந்த திருத்தங்களின்படி, இந்து, சீக்கிய, பௌத்தத் தலித்துகளை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. மாதா கோயிலில் கும்பிடும் தலித்துக்குச் சாதியின் வலி முழுசாக உண்டு, சட்டத்தின் துணை முழுசாக இல்லை. இதை ஆராய 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது.

ஆணையமும் நீதிமன்றமும் செய்ய வேண்டியதை அவை செய்யட்டும். ஊரில் செய்ய வேண்டிய வேலை தனியாக இருக்கிறது, அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். அடுத்த திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு வருகிறவர்களிடம், அது அய்யனார் கோயிலோ, மாதா கோயிலோ, தர்கா சந்தனக்கூடோ, மூன்று விஷயம் கேளுங்கள். எல்லாத் தெருவிலும் வரி வாங்குகிறீர்களா? மண்டகப்படி யார் யாருக்கு? விழாக் குழுவில் அந்தத் தெருக்காரர் எத்தனை பேர்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.